கால் அங்குலப் பித்தளை

என் தங்கை கணவன் தியோபில் காவ்ரோன் பத்து விரலோடு செத்தான். சவப்பெட்டிக்கு முன்னால் நான் முழங்கால் போட்டு ஜெபிப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் அவன் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜெபமாலையைக் கையில் சுற்றியிருந்ததால் இடது கைச் சுண்டுவிரல் சரியாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இருந்தது.

கார்த் தகடு அடிக்கும் பிரஸ் ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுப் பத்து விரலோடு வெளியே வருவது லேசுப்பட்ட காரியம் அல்ல. எங்கள் ஊரான ஹாம்ட்ராமிக்கில் எந்த மதுக்கடையிலாவது நுழைந்து பத்துப் பேரோடு கைகுலுக்கிப் பாருங்கள், தெரியும். ஆனால் தியோபில் அந்த ஆலைக்குப் போயிருக்கவே வேண்டாம். என்னால்தான் போனான். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் வழக்கம்போலச் சொல்லாமலே எழுந்துவிடுவேன் என்பதால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

அவன் பயந்தவன். அதை மறைத்தவனும் இல்லை. பதினெட்டு வயதில் அவனும் அவன் அண்ணன் ஜெனோனும் ஒரே பிரஸ்ஸில் வேலை பார்த்தார்கள். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் நிற்பவன் இரண்டு பொத்தான், அந்தப் பக்கம் நிற்பவன் இரண்டு பொத்தான் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். நான்கு கையும் வெளியே இருக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வேகமாக அடிக்க வேண்டும் என்று ஜெனோன் தன் பொத்தான்கள் இரண்டும் அழுந்தியே இருக்கும்படி மரச்சக்கையைச் சொருகி வைத்திருந்தான். எல்லாரும் செய்வதுதான். தகடு கோணலாக உட்கார்ந்தது, ஜெனோன் கையை நீட்டினான். தியோபில் பழக்கத்தில் தன் இரண்டு பொத்தானையும் அழுத்தினான்.

அதற்குப் பிறகு அவன் அந்த ஆலைப் பக்கமே போகவில்லை. பாத்திரம் விழுந்தால்கூடத் தோள்பட்டை தூக்கிக்கொள்ளும். பகலில் ரொட்டிக் கடையில் மாவு மூட்டை சுமந்துகொண்டு, ஆறு வருடம் மாலைப் பள்ளியில் வரைபடம் படித்தான். பிறகு எங்கள் கம்பெனியின் கார் வடிவமைப்புக் கூடத்தில் சேர்ந்தான். சத்தமே இல்லாத இடம் அது. பென்சில் கீறுவதும் களிமண்ணைச் சுரண்டுவதும்தான் கேட்கும். அதே கட்டடத்தின் மரப் பட்டறையில் நான் இருந்தேன். ஒரு ஈஸ்டருக்கு அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். என் தங்கை ப்ரோங்கா அவன் தட்டில் மூன்றாவது முறை சாஸேஜ் வைத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"உங்க அண்ணன் கோவக்காரரா?" என்று அவளிடம் அன்றைக்கே கேட்டிருக்கிறான்.

"கொரைக்கும். கடிக்காது" என்றாளாம் அவள்.

ஐம்பத்து நான்காம் வருடம் கம்பெனி ஒரு கூப்பே செய்ய முடிவெடுத்தது. இரண்டே கதவு, நீள முகப்பு, குட்டைக் கூரை. கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே தூண் கிடையாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் முழுக்கத் திறப்பு. ஆட்கள் தாழ உட்கார வேண்டும் என்பதற்காக அடிச்சட்டத்தையே இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவில் கீழே வளைத்திருந்தார்கள். நடுத்தூண் இல்லாத கூரையைத் தாங்க வேண்டிய பொறுப்பு முழுவதும் பின்பக்கத் தடித்த தூணுக்குத்தான். அந்தத் தூண் முடிகிற இடத்தில் கூரையின் ஓரம் தொப்பி முனை மாதிரி கொஞ்சம் வெளியே நீண்டு, அதற்குக் கீழே வளைந்த பெரிய பின் கண்ணாடி உட்காரும். காரின் அழகு முழுவதும் அந்த முனையில்தான் இருந்தது. இருபது வருடம் கழித்தும் சொல்கிறேன், அதைப் போல ஒரு கோட்டை எங்கள் கம்பெனி அப்புறம் போடவே இல்லை.

கூடத்தின் தலைவர் மிஸ்டர் கிராண்டல். கத்தமாட்டார். சட்டைப் பையிலிருந்து வெள்ளி சிகரெட் பெட்டியை எடுத்துக் ஜன்னலுக்குக் கீழே காரின் தோள் மேல் வைத்து, வெளிச்சம் அதில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். பிடித்திருந்தால் பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அவர் கண்ணாடியைக் கழற்றிய வாரம் யாராவது ஒருவன் மேசை காலியாகும். வேலையை விட்டு நிறுத்தமாட்டார், அந்த மட்டும் தயவு. ஆற்றங்கரையில் இருந்த கம்பெனியின் பிரஸ் ஆலைக்கு மாற்றிவிடுவார். 'ஆற்றோரம் போயிட்டான்' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். யார் யாரை எப்போது சொன்னாலும் தியோபில் முகம் சுண்ணாம்பாகிவிடும். அவனுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் பயம். மற்ற பயங்கள் எல்லாம் அதன் குட்டிகள்.

வேலை நடக்கும் முறை இது. முதலில் ஒரு வரைபடம் போட்டு, அதை வைத்து மெழுகு கலந்த பழுப்புக் களிமண்ணில் கார் முழு அளவில் எழும். அதன் மேல் வெள்ளி நிறப் படலம் ஒட்டி, நிஜக் கார் போலவே நிறுத்தி, பெரியவர்கள் பார்த்துத் தலையசைப்பார்கள். பிறகு தியோபில் வந்து அந்தக் களிமண்ணை ஒவ்வொரு புள்ளியாக அளந்து, வெள்ளை பெயின்ட் அடித்த பெரிய பலகையில் முழு அளவு வரைபடம் போடுவான். அந்தக் கோடுகளிலிருந்து மெல்லிய அளவுத் தகடுகள் வெட்டுவார்கள். தகடுகளை வைத்து வைத்துப் பார்த்து மகோகனி மரத்தில் நான் காரைச் செதுக்குவேன். என் மரத்தைப் பார்த்துத்தான் பிரஸ்ஸுக்கான இரும்பு அச்சு. களிமண்ணில் ஒரு பிசகு என்றால் அது கடைசி வரை வரும்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை புகைப்படக்காரர்கள் வந்து ஆளுயர விளக்குகளை வைத்துக் களிமண் காரைப் படம் பிடித்தார்கள். பின்தூணின் தடிமனைப் பார்க்க நான் போயிருந்தேன். அவர்கள் கிளம்பும்போது, "கடைசியா போறவர் விளக்க அணைச்சிருங்க" என்றார்கள். கடைசியாகப் போனவன் நான். மச்சினியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், பியர் பீப்பாய் உடைத்திருப்பார்கள் என்ற நினைப்பில் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு படுக்கையில்தான் ஞாபகம் வந்தது. திங்கள் காலை ஆறு மணிக்குக் கூடத்தில் நின்றேன். ஒன்றரை நாளாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பின்பக்கம் நின்ற இரண்டும் நேராகக் கூரை முனையைச் சுட்டுக்கொண்டிருந்தன. படலம் அங்கே சுருங்கியிருந்தது. விளக்குகளை அணைத்தேன். ஈரத் துணியால் படலத்தை நீவி நீவி ஒட்டினேன். ஏழரைக்கு எட்ட நின்று பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் நான் மரத்தோடு புழங்குபவன், கண் பொய் சொல்லாது. முனை இறங்கியிருந்தது. கால் அங்குலம் இருக்கும்.

எட்டு மணிக்குத் தியோபில் தன் அளவுக் கருவிகளோடு வந்தான்.

"என்ன மச்சான், இவ்வளவு காலைல?"

"பின்தூண் பாக்க வந்தேன்."

"சனிக்கிழமயே பாத்தியே?"

"மறுபடி பாக்கக்கூடாதா? உன்ன கேட்டுட்டுத்தான் பாக்கணுமா?"

அவன் கூரை முனையில் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ராத்திரி தூங்கலையா? கண்ணு செவந்திருக்கு" என்றான். அவ்வளவுதான். குனிந்து புள்ளி எடுக்க ஆரம்பித்தான்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மாப்ள, விளக்கு எரிஞ்சிருச்சுடா' என்று. தொண்டை வரைக்கும் வந்தது. கூடத்துக்குள் மிஸ்டர் கிராண்டலின் காலடிச் சத்தம் கேட்டது, விழுங்கிவிட்டேன்.

ஆகஸ்டில் அளவுத் தகடுகள் என் பட்டறைக்கு வந்தன. இறங்கிப்போன முனையைத்தான் தியோபில் அளந்திருப்பான், ஆகவே வரைபடமும் தகடும் கால் அங்குலம் தாழ்வு என்பது என் கணக்கு. வெளியே சொன்னால் விளக்கு விவகாரம் வரும். சொல்லாவிட்டால் கார் கெடும். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் கால் அங்குலத் தடிமனில் ஒரு பித்தளைத் துண்டை வெட்டி, கூரை முனைத் தகட்டின் அடிப்பாகத்துக்குக் கீழே வைத்துப் பற்றவைத்து, தகட்டின் நிறத்திலேயே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். தகடு கால் அங்குலம் உயர்ந்தது. அதற்கேற்ப மரத்தைச் செதுக்கினேன். தியோபில் வந்து தகட்டை வைத்துச் சரிபார்த்தான், மயிரிழை இடைவெளி இல்லை. மரத்தில் கையெழுத்துப் போட்டான். களிமண்ணை அதற்குள் அடுத்த வருடக் காருக்காகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

நவம்பரில் காரின் முதல் உடலைத் தட்டி எடுத்தார்கள். பின் கண்ணாடி கண்ணாடிக் கம்பெனியிலிருந்து வந்தது. அந்தக் கண்ணாடிக்கு வசந்த காலத்திலேயே, களிமண் சூடாவதற்கு முன்பே, முதலில் போட்ட அந்தப் பழைய வரைபடத்திலிருந்து அளவு போயிருந்தது. உடல் பொறியாளர் வெல்ட்மேன் நின்று பொருத்தினார். நல்ல மனிதர், மேற்கு மிச்சிகன் டச்சுக்காரர், யாரையும் வாய் தவறிக்கூடத் திட்டாதவர். மேலே இடைவெளி விழுந்தது. ரப்பரை மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார்கள். டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் ஒரு கோடு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடியது. அப்படிப்பட்ட கண்ணாடி உலகத்தில் மூன்றுதான் இருந்தது.

மிஸ்டர் கிராண்டல் அங்கேதான் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் காலை அந்தக் காரில் வேலை செய்த எங்கள் பதினோரு பேரையும் மர மாதிரியைச் சுற்றி நிற்கவைத்தார்கள். வெல்ட்மேன் சொன்னார், "கூர கால் அங்குலம் ஒசரம் சார். வரைபடத்த நானே அளந்தேன். வரைபடம் சரியாத்தான் இருக்கு."

வரைபடம் சரியா? அது எப்படிச் சரியாக இருக்க முடியும்?

மிஸ்டர் கிராண்டல் கூரை முனைத் தகட்டைக் கையில் எடுத்தார். திருப்பினார். பாக்கெட் கத்தியால் அதன் அடியில் மெதுவாகச் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உதிர்ந்தது. உள்ளே பித்தளை மஞ்சளாகப் பளபளத்தது.

"இது யாரோட வேலை?" என்றார். தாழ்ந்த குரலில்தான்.

நான் கையைத் தூக்கவில்லை. எனக்கு எதிரே தியோபில் நின்றான். பித்தளையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், அரை விநாடி. பிறகு கையைத் தூக்கினான். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தை என் கண்ணிலிருந்து இன்னும் எடுக்க முடியவில்லை.

"நான்தான் சார்."

"ஏன்?"

"புள்ளி எடுத்தப்போ கால் அங்குலம் கொறஞ்சுபோச்சு சார். பழைய வரைபடத்தோட ஒத்துப் பாத்துட்டு என் வரைபடத்துலயே ஏத்திட்டேன். அப்பறம்... ஏத்தினத மறந்துட்டுத் தகட்டுலயும் ஏத்திட்டேன் சார். பயத்துல."

நான் செய்த தவறு என்னவென்று எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அவன் ஜூலையிலேயே சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டான். வரைபடமும் தகடும் சரியாகவே என் கைக்கு வந்திருந்தன. சரியானதைச் சரிசெய்து கெடுத்தவன் நான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எங்கள் கூடத்தில் யாரும் யாரையும் எதையும் கேட்கமாட்டோம். கேட்டால் தவறு இருக்கிறது என்று ஆகிவிடும்.

வெல்ட்மேன் நெற்றியைச் சுருக்கினார். "நீங்களா பற்றவெச்சீங்க?" என்றார். தியோபிலுக்குப் பற்றவைக்கவே தெரியாது. அவர் அடுத்த கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்கக்கூடாதே என்று கர்த்தரை வேண்டிக்கொண்டேன். நான் அன்றைக்கு வேண்டியது அதைத்தான், எழுதி வைக்கிறேன். தியோபில் தலையை ஆட்டினான். மிஸ்டர் கிராண்டல் தகட்டை மேசையில் வைத்தார்.

"காவ்ரோன், திங்கக்கிழமைலேருந்து ஆத்தோரம்."

அவன் மேசையைக் காலி செய்யும்போது நான் உதவிக்குப் போகவில்லை. கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு வாரம் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு ப்ரோங்காவே ஆள் அனுப்பினாள். சூப் வைத்திருந்தாள். தியோபில் இளைத்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு கார் கொட்டகையில் தனியாக இருந்தபோது வாயைத் திறந்தேன்.

"மாப்ள, அந்தப் பித்தள..."

"அன்னிக்குத் திங்கக்கிழம களிமண் சூடா இருந்துச்சு மச்சான்" என்றான், பனி வழிக்கும் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே. "கை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ கத்துவ. கூடமே கேக்கும். அதான் நானே ஏத்திட்டேன். நீயும் ஏத்துவன்னு யாரு கண்டா?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"அன்னிக்கு என்னக் காட்டிக் குடுத்திருக்கலாமேடா! உனக்குத்தான அந்த எடம் எமன்!"

"எனக்குப் பயந்து பழக்கம் இருக்கு மச்சான். உனக்கில்ல. நீ கோவக்காரன். ஒரு வாரம் பொறுப்ப, அப்பறம் வேகமா அடிக்கணும்னு பொத்தான்ல சக்கயச் சொருகிருவ. ஜெனோனும் கோவக்காரன்தான்." மண்வெட்டியை ஆணியில் மாட்டினான். "ப்ரோங்காகிட்ட சொல்லிராத. அண்ணன்னா அவளுக்கு உசுரு."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! அவன் கேட்டுக்கொண்டதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே எத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன்!

மரத்தைத் திருத்தினேன். கார் வெளிவந்தது. பத்திரிகைகள் கூரையின் பின்கோட்டைத் தனியாகப் புகழ்ந்தன. மரப் பட்டறைக்கு என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். அந்தக் கூரைத் தகட்டை அடித்தது தியோபில் நின்ற பிரஸ்தான். தான் வரைந்த கோட்டைத் தானே பொத்தான் அழுத்தி அடித்தான், நான்கு பொத்தானும் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு. அவனோடு நின்றவர்கள் அவனை 'கிழவி' என்று கிண்டல் செய்வார்களாம். அவனோடு நின்ற ஒருவனுக்கும் விரல் போகவில்லை.

போன மாதம் இதயம் நின்று செத்துப்போனான். பிணத்தருகே ப்ரோங்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"தெனமும் வேலவிட்டு வந்ததும் சமையலற மேசமேல ரெண்டு கையையும் விரிச்சு வெப்பாருண்ணே. நான் எண்ணணும். பத்துன்னு சொன்னாத்தான் கோட்டக் கழட்டுவாரு. பத்தொம்பது வருஷம். ஒரு நாள் வெளையாட்டுக்கு ஒம்பதுன்னு சொல்லிட்டேன், அப்படியே ஒக்காந்து அழுதுட்டாரு."

நான் ஜெபமாலை சுற்றிய அவன் கையையே பார்த்தேன்.

"இவ்வளவு பயந்த மனுஷன், அந்தப் பித்தளத் துண்ட எதுக்குண்ணே வெச்சாரு? கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்ல. உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

கேட்டுவிட்டாள். அவன் செத்துவிட்டான், கிராண்டல் செத்துவிட்டார், கம்பெனி எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. என்னை எங்கும் அனுப்ப யாரும் இல்லை. என் தங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.

அதனால்தான் இதை எழுதினேன். நேரில் சொன்னால் நடுவில் எங்காவது வளைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நாளை ஞாயிறு. பூசை முடிந்து அவள் வீட்டில் மதியச் சாப்பாடு. இந்தத் தாள்களை அவள் மேசை மேல் வைத்து, அவள் படித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு எழுபது வயது. பயமாகத்தான் இருக்கிறது மாப்ள.